தனிப் பானை

— அடுப்படிக் கதவத் தெற ஜோதி. நானா ஒடைச்சுக்கிட்டு உள்ள வந்தேன்னு வையி, கதவும் ஒன் மண்டையும் ஒண்ணாத்தான் பொளக்கும்.

— ஒடைங்க. உங்க அப்பா போட்ட தேக்குக் கதவு இது. நீங்க வச்சிருக்கது வெறகு பொளக்குற கோடாலி. எது செயிக்குதுன்னு பாத்துருவோம்.

— பாத்தியாக்கா பேசுற பேச்ச? நான் தூக்குவாளியால போட்டதுல இவ நெத்தி கிழிஞ்சு ரத்தமா ஊத்துது. இன்னும் வாயி அடங்குதா பாரு இவளுக்கு.

— ஏலே சுருளி, செத்த நிறுத்துடா எஞ் சாமி. உடம்புல ஒண்ணுமில்லாம கெடக்குறவன், இம்புட்டு ஆவேசமா வீசுனா மயங்கி விழுந்துருவ. ஏத்தா ஜோதி, அக்கா சொல்றேன், நீயாத் தெறந்து ஒப்புக்கிட்டேன்னா நாலு அடியோட போகும்.

— நாலு அடி வாங்க எங்கிட்ட என்ன இருக்கு மதினி? எடது கை ஒடைஞ்சு தொங்குது. ஒத்தக் கையாலதான் தாப்பாளத் தூக்கிப் போட்டேன். என்னத்த ஒப்புக்கணும்னு சொல்லுங்க. ஒங்க வாயால கேக்குறேன்.

— எந் தம்பி சோத்துல மருந்து வச்சத. புருசன் ஒஞ் சொல்லத் தாண்டக் கூடாது, ஒம் முந்தானையப் பிடிச்சுக்கிட்டே திரியணும்னு எவகிட்டயோ வாங்கியாந்து போட்டியே, அத. தேவாரத்துக்கு அங்கிட்டு மலையடிவாரத்துல மருந்து எடுக்குறவரு இவன் தொப்புள்ள கொழல வச்சு உறிஞ்சித் துப்புனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். கருப்பா ஒரு உருண்டை, முடி சுத்திக் கெடந்துச்சு. ஆத்தாடி, என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

— அதுக்கு முன்ன அந்தாளு வாயிக்குள்ள என்ன அடக்கி வச்சிருந்தாருன்னு பாத்தீகளா?

— ஏய்!

— ஆத்தாடி, செராய் தெறிக்குதுடா! கண்ணப் பாத்துக்க, கண்ணுல பட்டுறப் போகுது.

— கண்ணப் பாத்துக்கன்னு அவருக்குச் சொல்றீக. நல்ல அக்கா. எம் போனையும் அம்மிக்கல்லுல வச்சு நசுக்கியாச்சு. பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மா கதவச் சாத்துன சத்தமும் கேட்டுச்சு. எதுத்த வீடு, பக்கத்து வீடு, எல்லாருக்கும் காது அடைச்சுப் போச்சு. புருசன் பொண்டாட்டி சண்டையாம்.

— வீட்டுப் பொம்பள கைதான்னாரு அந்த மருந்துக்காரரு. பேரு சொல்லல. சொல்ல வேண்டியதும் இல்ல. இந்த வீட்டுல எனக்குன்னு தனியாப் பானை வச்சுப் பொங்குறவ யாரு? அந்தப் பானையில வேற ஆளு கரண்டி விடக் கூடாதுன்னு சண்டை போடுறவ யாரு? எம் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துல, பந்தியில ஒக்காந்தவன எந்திரிக்க வச்சு, டப்பாவுல கொண்டாந்த சோத்த மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால வச்சு ஊட்டுனவ யாரு? சொல்லுடி!

— நாந்தான். தனிப் பானை வைக்கச் சொன்னது தேனி டாக்டரம்மா. நீங்களும் பக்கத்துலதான ஒக்காந்திருந்தீக?

— அந்தம்மா என்ன சொன்னாக? சீனித் தண்ணியக் குடிக்கக் குடுத்துட்டு, கொழாயில ஊது, இன்னொருக்க ஊதுன்னாக. குடிச்சிட்டு வண்டி ஓட்டுனவனப் போலீஸ்காரன் ஊதச் சொல்ற மாதிரி.

— அந்த ஊதுன காத்துலதான் கண்டுபிடிச்சாக. பெருங்கொடல்ல கெடக்க வேண்டிய கிருமி சிறுகொடலுக்கு ஏறி வந்து பெருகிக் கெடக்குன்னு. நீங்க தெராட்சைக்காரருன்னு ஒங்களுக்குப் புரியுற மாதிரிதான சொன்னாக? கொடிக்குப் போட்ட ஒரத்தக் களை தின்னா என்ன ஆகும்? கொடி வாடும், களை மதமதன்னு வளரும். ஒங்க வயிறும் அப்படித்தான். நீங்க திங்குறத அது முந்திக்கிட்டுத் தின்னுட்டுக் காத்த விடுது. வயிறு ஊதுது, உடம்பு வத்துது. இதுல நான் எங்கிட்டு மருந்து வைக்க?

— வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, பருப்பு கூடாது, பாலு கூடாது. பெறகு என்னத்ததான்டி திங்கிறது மனுசன்? பழம் வெளைய வைக்கிறவன் நான். எம் பந்தல்ல தொங்குற பழத்துல ஒரு கொத்து அத்து வாயில போட முடியல.

— அம்புட்டும் அந்தக் களைக்கு ஒரம். கொஞ்ச காலத்துக்கு நிறுத்துங்க, மாத்திரையும் தின்னுங்க, ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நடுவுல வயித்துக்கு ஒழிவு குடுங்க, பெறகு ஒண்ணொண்ணாச் சேத்துப் பாக்கலாம்னாக. ஆயுசுக்கும்னு சொல்லலையே.

— ஆமா, பெரிய டாக்டரம்மா. வெங்காயம் பூண்டு போடாத சோறு தெவசச் சோறுடி. செத்தவுகளுக்குப் படைக்கிறது. உசுரோட இருக்குற எந் தம்பிக்கு அதத்தான் தெனமும் பொங்கிப் போட்ட. எப்படி இருந்தவன் எம்புள்ள! பந்தல் கம்பிய இழுத்துக் கட்டுனான்னா ரெண்டு ஆளு வேலைய ஒத்தையில பாப்பான். இன்னிக்கு வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. காலு ரெண்டும் கொக்குக் காலு. வயிறு மட்டும் பாத்தா...

— வயித்தப் பத்திப் பேசாதக்கா.

— இல்லடா சாமி, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— பேசாதன்னேன்ல! நேத்து டீக்கடையில ஒருத்தன் கேக்குறான், என்ன சுருளி, எத்தனாவது மாசம், வளைகாப்பு எப்பன்னு. கடையே சிரிக்குது. பெஞ்சத் தூக்கி அடிச்சேன். சிரிச்ச பல்லு டீ டம்ளருக்குள்ள கெடந்துச்சு. அப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கல. வயித்தத் தடவிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். வந்தா இவ கேக்குறா, சூடா இஞ்சித் தண்ணி போடவான்னு.

— வேற என்ன கேக்கணும்? யாரு பல்லுன்னு கேக்கணுமா? நீங்க ராத்திரி வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருளுறப்ப, இந்த மனுசன் செத்துருவாரோ செத்துருவாரோன்னு முழிச்சுக் கெடந்தவ நான். அந்தப் பயத்துலதான் பூசணிக்காயையும் கேரட்டையும் மாத்தி மாத்திப் பொங்குனேன். ஆசையா ஒரு குழம்பு வச்சு எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கே தெரியல.

— கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் வைக்கலன்னா நீ தின்னு காட்டு. எம் பானையில இருக்குறத.

— இந்தா, முன்னாலதான் இருக்கு. அள்ளிட்டேன். மெல்லுற சத்தம் கேக்குதா? நெத்தியில இருந்து ஒழுகுறதும் சேந்து வாயிக்குள்ள போகுது. உப்புப் போட வேண்டியதில்ல.

— ஏமாத்துறாடா. வெறும் வாய மெல்லுறா.

— மதினி, ராத்திரிக்கு இதே பானையிலதான நானும் போட்டுத் திங்குறேன்? அவரு ஒத்தையில பத்தியச் சோறு திங்க வேணாம்னு. மருந்து வச்சவ தானும் அதே பானையில திம்பாளா? ஒங்க மருந்துக்காரரு அதுக்கு என்ன சொல்றாரு?

— ராத்திரிச் சோத்துல இல்லடி! ராத்திரி தின்னா வயிறு புதுசா ஏற மாட்டேங்குது. மத்தியானத்துலதான் இருக்கு. தோட்டத்துல தூக்குவாளியத் தெறந்தா ரசத்துல ஒரு வாடை அடிக்குது. மாத்திரை தின்னு தின்னு நாக்கு தகரமாப் போச்சு, என்ன வாடைன்னு பிடிபட மாட்டேங்குது. ஆனா இருக்கு. தின்னு முடிச்ச செத்த நேரத்துல வயிறு கல்லாட்டம் ஏறிக்கிது. இன்னிக்குப் பந்தலுக்குக் கீழ சேத்துல உருண்டு கெடந்தேன். வேலைக்கு வந்த பொம்பளைக நின்னு வேடிக்கை பாத்தாளுக. அப்பத்தான் முடிவு பண்ணுனேன். இன்னிக்கு ஒண்ணு நான் இருக்கணும், இல்ல நீ இருக்கணும்.

— மத்தியானச் சோறும் ராத்திரிச் சோறும் ஒரே பானைங்க. காலையில ஒருக்கத்தான் ரசம் வைக்கிறேன். ஒங்களுக்குத் தூக்குவாளியில ஊத்துனது போக மிச்சத்தத்தான் ராத்திரி சுட வச்சுக் குடுக்குறேன்.

— பொய்யி.

— பொய்யில்ல. அய்யோ, வீசாதீக, ஒரு பலகை விட்டுப் போச்சு... ஒரு நிமிசம் நில்லுங்க. வாடைன்னீகளே, எப்ப இருந்து அடிக்குது?

— அடுத்த கதையக் கட்டுறா பாரு. தம்பி, அவ பேச்சுக்கு நிக்காத.

— மதினி, செத்த சும்மா இருங்க. மொத மாத்திரை முடிஞ்சப்ப ஒங்க வயிறு வத்தித்தான இருந்துச்சு? பெல்ட்ட இறுக்கிப் போட்டுக்கிட்டு, ஜோதி வா கம்பத்துக்குப் போயி படம் பாத்துட்டு வருவோம்னு கூப்பிட்டீகள்ல? பெறகு எப்ப ஏறுச்சு? நெனச்சுப் பாருங்க.

— பந்தல்ல கொடிய வெட்டிக் கவாத்து தொடங்குனப்ப.

— கவாத்துக்கு முன்ன மத்தியானம் எங்க சாப்பிட்டீக?

— வீட்டுக்கு வந்து.

— கவாத்து தொடங்குனதும் வர நேரமில்லன்னு தோட்டத்துக்குக் குடுத்து விடச் சொன்னீக. எங் கையில இருந்து ஒங்க கைக்கு அந்தத் தூக்குவாளி யாரு கையில வருது?

— அக்கா கையில. அதுக்கு என்னங்கிற?

— ஏத்தா! எம் மேலயா திருப்புற? ஆத்தாடி ஆத்தா, தாயில்லாப் பிள்ளைய இடுப்புல வச்சுத் தூக்கி வளத்தவ நான்! இவனுக்காகத்தான் தாலி அறுத்த பெறகு வேற வீடு பாக்காம இந்த வாசல்லயே கெடக்கேன். நாசமாப் போறவளே, ஒன் நாக்கு அழுகிப் போகும்டி. கேட்டியாடா தம்பி, கேட்டியா?

— கேட்டேன். இதுக்கு மேல கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல. எங்க அக்கா மேலயே கைய நீட்டிட்டா. அக்கா, வாசல்ல ஸ்பிரேயர் வண்டி நிக்கிதுல்ல? பைப்ப இழுத்துக்கிட்டு சன்னல் பக்கம் வா.

— என்னத்துக்குடா?

— சன்னல் கம்பிக்குள்ள விட்டு அடிக்கிறேன். எனக்கு மருந்து வச்சவளுக்கு நானும் மருந்து குடுக்குறேன். மூச்சு முட்டுனா கதவு தன்னால தெறக்கும்.

— ஏலே, அது தெராட்சைக்கு அடிக்கிற பூச்சி மருந்துடா. சாயங்காலம் அடிக்கிறதுக்கு நீதான கலக்கி வச்ச. அந்தச் சின்ன அறைக்குள்ள அடிச்சா செத்துப் போவாடா.

— தெறந்தா பொழைப்பா.

— தெறந்தா கோடாலி, தெறக்கலன்னா மருந்து. நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்கீக.

— மோட்டாரப் போடுக்கா.

— சுருளி, வேணாம்டா. கதவுக்கு அடியில பாருடா, ரத்தம் வெளிய வருது. போதும்டா.

— போடுன்னேன்!

— தண்ணிப் பானை பக்கத்துல இருக்கு. முந்தானைய நனைச்சு மூஞ்சியச் சுத்திக்கிறேன். எம்புட்டு நேரம் தாங்கும்னு தெரியல. மதினி, ஒங்க கையாலதான் மோட்டாரப் போடப் போறீக. போடுறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போடுங்க. தோட்டத்துக்குப் போற வழியில தூக்குவாளியத் தெறந்தீகளா?

— அக்கா, என்ன மரம் மாதிரி நிக்கிற? மோட்டார் கயித்தச் சுண்டு.

— மாட்டேன்டா.

— தள்ளு அங்கிட்டு. நானே போட்டுக்கிறேன்.

— மாட்டேன், விட மாட்டேன்... யம்மா! மூக்குல குத்திட்டியேடா... குத்து, இன்னும் ரெண்டு வேணும்னாலும் குத்து. பைப்ப மட்டும் கீழ போடு. அவ ஒண்ணும் வைக்கலடா. நாந்தான்.

— என்ன நாந்தான்?

— வாய்க்கா மேட்டுல ஒக்காந்து தெறந்தேன். தெனமும் தெறந்தேன். பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் கருக வறுத்துப் பொடிச்சு, வாடை தெரியாம இருக்கப் பெருங்காயத்தப் போட்டு, மடியில முடிஞ்சு கொண்டாருவேன். அந்தப் பொடியத்தான் ரசத்துல கலக்குனேன். அந்தச் சீக்குச் சோத்த மட்டும் தின்னா எம்புள்ள எப்படிடா தேறுவான்? பூண்டு வாயுவ எடுக்கும்னுதான நம்ம ஆத்தா சொல்லிக் குடுத்துட்டுப் போனா? நீ ஊதுன. வாயு இன்னும் இருக்குன்னு கூடக் கொஞ்சம் போட்டேன். இன்னும் ஊதுன. இன்னுங் கொஞ்சம் போட்டேன்.

— நான் ஊத ஊத நீ போட்ட.

— பாசத்துலடா. சத்தியமா பாசத்துல.

— பெறகு மருந்து எடுக்க என்னையக் கூட்டிட்டுப் போன. அவரு உருண்டையத் துப்புறப்ப கையெடுத்துக் கும்பிட்ட.

— பூண்டு மருந்தாகுமாடா? அது சோறு. நான் கலந்தது அப்ப எனக்கு நெனப்புலயே வரல. அவதான் என்னமோ வச்சிருக்கான்னு நம்புனேன். எங் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும், அப்படித்தான்டா நம்புனேன்.

— மதினி... நல்லவேளை சொன்னீக. இங்கேருங்க, கேட்டீகளா? அம்புட்டுத்தான். நாளையில இருந்து நானே சோத்தத் தோட்டத்துக்குக் கொண்டாறேன். அந்தப் பொடிய நிறுத்துனா வயிறு தன்னால எறங்கிரும். டாக்டரம்மாகிட்ட இன்னொருக்கப் போவோம். எங் கைக்கும் ஒரு கட்டுப் போட்டுக்கலாம். கோடாலியக் கீழ வைங்க.

— வீட்டுப் பொம்பளன்னாரு. பேரு சொல்லல அவரு.

— என்னங்க?

— நாந்தான் ஆளத் தப்பா எடுத்துக்கிட்டேன்.

— அய்யோ, அது பூண்டுங்க! வெறும் பூண்டு! மருந்தும் இல்ல மண்ணும் இல்ல! அந்த மலையடிவாரத்துக்காரரு சொன்னது மொதல்ல இருந்தே பொய்யி!

— நீ பேசாத ஜோதி. ஒம் மேல தப்பு இல்ல. நீ உள்ளயே இரு. அக்கா, இங்கன வா.

— ஏன்டா அதத் தூக்குற? கீழ போடு சாமி. நான் ஒங்கக்காடா. அன்னத்தாய்டா.

— ஆத்தா செத்த அன்னிக்கு ஒங் கையாலதான் சோறு ஊட்டுன. நெனப்பு இருக்கா? அழுதுக்கிட்டே தின்னேன். அப்ப இருந்தே வச்சியாக்கா?

— சுருளி...

— எனக்குன்னு ஒரு பிள்ளை தங்கல. ஒரு வெள்ளாமை வாய்க்கல. எல்லாம் ஒங் கையிதானா?

— எட்ட நில்லுடா... ஏலே, எட்ட நில்லு. வழிய விடு, நான் போயிடுறேன். இந்த வாசல்லயே இனிக் கால வைக்கல.

— ஓடாத. ஓடுனேன்னா நான் ஓங்கி வீச வேண்டியிருக்கும். நின்ன எடத்துல நில்லு.

— யாராச்சும் வாங்களேன்! கஸ்தூரி! ஏ கஸ்தூரி, கதவத் தெறத்தா!

— மதினி, அங்கிட்டுப் போகாதீக, அவுக யாரும் தெறக்க மாட்டாக! இங்கன, இங்கன ஓடியாங்க, நான் தாப்பாளத் தெறந்துட்டேன்!